பாங்குக்கு முன்னாலே

சுவரை இடிக்க வந்த ஆள் சம்மட்டியைக் கீழே வைக்காமலே நின்றான். அவ்வப்போது அதன் பிடியால் சுவரை ஒரு தட்டு தட்டுவான், காதை வைத்துக் கேட்பான். "செங்கல்லுதான். சீக்கிரம் வந்துரும்" என்று யாரும் கேட்காமலே சொல்வான். ஜோதியின் அப்பா பச்சையப்பனை வைத்திருந்த ஐஸ் பெட்டி அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் முழங்கால் மூட்டில் வலி விண்ணென்று தெறித்தது.

"யோவ், கொஞ்சம் சும்மா இருய்யா. வள்ளுவரு வந்து பஞ்சாங்கம் பாத்து சொல்லட்டும்" என்றாள்.

"அவுரு வந்து இன்னா புச்சா சொல்லப் போறாரு?" என்று உள்ளேயிருந்து சுந்தரி அத்தை குரல் கொடுத்தாள். அத்தை, பச்சையப்பனுக்குத் தங்கை. நேற்று சாயங்காலம் காவேரிப்பாக்கத்திலிருந்து வந்து இறங்கினவள், அழுது முடித்த கையோடு கேட்ட முதல் கேள்வியே "உயிர் எப்ப போச்சி?" என்பதுதான். மதியம் தாண்டி, கரெண்ட் வந்த நேரத்தில்தான் ஜோதி அலறினாள் என்று தெருவே சொன்னது. அத்தை நேராகப் போய்த் தினசரி காலண்டரைப் பார்த்தாள். நேற்று மதியம் மசூதியில் பாங்கு சொல்லும் நேரம் வரைக்கும் திருவோணம். அதற்கப்புறம் அவிட்டம். பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுதாள்.

அவிட்டத்தில் போனால் அடைப்பு. அடைப்பு என்றால் விளையாட்டு இல்லை. பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு வீட்டைப் பூட்டிவிட வேண்டும், ஆறு மாதத்துக்கு. உள்ளே யாரும் படுக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. மீறினால் போனவர் தனியாகப் போக மாட்டார், வீட்டிலிருந்து இன்னும் சிலரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். அத்தை ஊரில் ஒரு வீட்டுக்காரன் இதைக் கேலி பேசிவிட்டு வரிசையாக மூன்று பேரைப் பறிகொடுத்தானாம். நிஜமோ கட்டுக்கதையோ, தொட்டிலில் பால் மணம் மாறாத பெண் குழந்தையை வைத்துக்கொண்டு எவனுக்குச் சோதித்துப் பார்க்கத் தைரியம் வரும்?

தம்பி வசந்துக்காவது போக்கிடம் இருந்தது. அவன் பெண்டாட்டி மோகனாவின் அம்மா வீடு அரக்கோணத்தில் இருக்கிறது. குழந்தையோடு அவர்கள் அங்கே போய்விடலாம். ஜோதி எங்கே போவாள்? கட்டினவன் வேண்டாம் என்று ஒரு பையோடு திரும்பி வந்தவளை "வா, உள்ள வா" என்று சொன்ன ஒரே வாசல் இதுதான். அடைப்பு விழுந்த வீட்டு மனுஷிக்கு, அதுவும் தனியாக இருக்கிறவளுக்கு, இந்த ஆம்பூரில் யார் வாடகைக்கு வீடு கொடுப்பார்கள்? அத்தை வீட்டில் போய் ஆறு மாதம் இருக்கலாம்தான். ஆறு நாள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன சங்கதி என்று.

இதையெல்லாம் விடப் பெரிய இம்சை வேறொன்று இருந்தது. அது வசந்த்.

அவன் நேற்றிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தான். பூக்காரனுக்குப் போன் செய்தான், வண்டிக்காரனுக்குப் போன் செய்தான், எடுத்த போனைப் பேசாமலே வைத்தான். நடுநடுவே உள்ளே வந்து அக்காவின் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டான்.

"அக்கா, நான் மதியம் சாப்ட வந்திருந்தா நைனாவ உசுரோட பாத்திருப்பனா?"

"தெரியலடா."

"கொஞ்சம் யோசிச்சி சொல்லுக்கா."

"ஜொரத்துல கெடந்தவகிட்ட மணி கேட்டா இன்னாடா சொல்லுவேன்?"

அவன் பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். தினமும் மதியம் பாங்கு முடிந்ததும் பைக்கில் பறந்து வந்து, அப்பாவுக்கு இரண்டு வாய் கஞ்சி ஊட்டிவிட்டு, தானும் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவான். நேற்று ஷிப்மென்ட் நெருக்கடி. கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டான்.

"உள்ள போய்ட்டா ஒண்ணுமே தெரியாதுக்கா. ஜன்னலு இல்ல, வெயிலு இல்ல, போனும் லாக்கர்ல. ஏசி ஓடினே கீது, லைன் ஓடினே கீது. இப்பத்தான் சாப்ட்டு வந்தமேன்னு பாத்தா டீ பிரேக் வந்துடுது. நேத்து மதியம்னு ஒண்ணு வந்ததே எனக்குத் தெரியலக்கா. அப்டியே பூடுச்சி."

ஜோதிக்குத் தெரியும். அவளும் அதே மாதிரி ஒரு கம்பெனியில் தையல் லைனில் உட்காருகிறவள்தான். ஆனால் அவனுக்கு அப்படிப் பறந்துபோன அதே மதியம் இங்கே இந்த ஷீட் வீட்டில் என்ன பாடு படுத்தியது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

மூன்று நாளாக அவளுக்குச் சிக்குன்குனியா. விரலை மடக்கினால் உயிர் போனது. நேற்று பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரெண்டை நிறுத்திவிட்டார்கள். மோகனா குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போய்விட்டாள். கூரை ஷீட் சூடேறி மடக் மடக்கென்று சத்தம் போட்டது. போனில் சார்ஜ் இல்லை. கடிகாரம் பேட்டரி தீர்ந்து, போன மாதமே நின்றுவிட்டது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் அப்பா, கீழே பாயில் அவள். ஷூ பெட்டி மூடி ஒன்றை எடுத்து அவருக்கு விசிறினாள். ஐம்பது தடவை விசிறியிருப்போம் என்று நினைத்தால் அஞ்சு தடவைதான் விசிறியிருப்பாள். விடிந்து ஒரு வாரம் ஆனது போலவும் இருந்தது, இன்னும் விடியவே இல்லை போலவும் இருந்தது. போதாக்குறைக்கு அப்பா வேறு.

"ஜோதி, மணி இன்னா?"

"இப்பத்தான கேட்ட?"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "மணி இன்னா?"

படுக்கையில் விழுந்த மூன்று மாதமாக அவருக்கு இதே கேள்விதான். பல் தேய்க்கச் சொன்னால் ராத்திரியாச்சே என்பார். காப்பி குடித்த கையோடு, வசந்த் மத்தியான சோத்துக்கு வந்துட்டானா என்பார். மகன் வரும் நேரம் மட்டும்தான் அவருக்கு நேரம். மற்றதெல்லாம் ஒரே கொழகொழப்பு. நேற்று ஜோதிக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. எரிச்சலில் ஒரு தடவை அவள் மனசுக்குள், "சாமி, இது எப்ப முடியும்?" என்று கேட்டாள். ஜுரத்தைத்தான் கேட்டாள். மதியத்தைத்தான் கேட்டாள். அப்பாவைக் கேட்கவில்லை. ஆனால் கேட்ட வாய்க்கு ராத்திரி முழுக்கப் பயம் தீரவில்லை.

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வள்ளுவர் கன்னியப்பன் வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், ஐஸ் பெட்டியைக் கும்பிட்டார். சம்மட்டிக்காரனை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு இவரக் கூட்டினு வந்தது?"

"நான்தான்" என்றாள் அத்தை. "அவிட்டத்துல பூட்டாரு எங்கண்ணன். வெயில் ஏறர்துக்குள்ள ஒடச்சிட்டா எடுத்துடலாம்."

"அவசரப்படாதம்மா. சொவுரு எங்கியும் ஓடிடாது." அவர் நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சாங்கத்தைப் பிரித்தார். விரலை வைத்து ஓட்டினார். வசந்த் கதவருகில் வந்து நின்றான். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த மோகனாவின் கை நின்றது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா சொல்றது சரிதான். பாங்கு நேரத்துக்கு முன்ன போயிருந்தா திருவோணம், ஒரு தோஷமும் இல்ல. பின்னன்னா அவிட்டம், அடைப்பு. பக்கத்துல யாரு இருந்தது?"

"நான்தான்" என்றாள் ஜோதி.

"பதட்டப்படாத சொல்லும்மா. பாங்கு சொல்றதுக்கு முன்னயா, பின்னயா?"

முன்னயா, பின்னயா. ராத்திரி முழுக்க அவள் அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தாள். பாங்கு கேட்டது நினைவிருக்கிறது. ஒரு மசூதியில் முடியும் முன் இன்னொன்றில் தொடங்கி, அது முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அஹமது பாஷா ஜன்னலோரம் நின்று குரல் கொடுத்ததும் நினைவிருக்கிறது. அவரும் அப்பாவும் ஒரே தோல் பதனிடும் ஷாப்பில் வாலிபத்திலிருந்து வேலை செய்தவர்கள். தொழுகைக்குப் போகும்போதோ வரும்போதோ, "இன்னா பச்ச, எப்டி கீற?" என்று கேட்காமல் அந்த ஜன்னலை அவர் தாண்டியதில்லை. நேற்றும் கேட்டார். அப்பா "கீறேன் பாஷா" என்றார். நன்றாக, காதில் விழும்படி சொன்னார். சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பிக் கேட்டார், "வசந்த் வந்துட்டானா?"

"வருவான். நீ தூங்கு" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் மணி கேட்கவில்லை. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று அவள் விசிறிக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டும் விசிறினாள். தலைக்கு மேல் ஃபேன் சுழன்றபோதுதான் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

பாஷா கூப்பிட்டது தொழப் போகும்போதா, திரும்பி வரும்போதா? அதில்தான் எல்லாம் இருந்தது. எவ்வளவு முட்டிக்கொண்டாலும் அது மட்டும் பிடிபடவில்லை.

அவள் வசந்தைப் பார்த்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். விரலில் ரத்தம் வந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. 'பின்ன' என்று சொன்னால் இவன் செத்தான். நாற்பது வயதில், ஐம்பது வயதில், பேரப்பிள்ளை எடுத்த பிறகும்கூட, கேன்டீனில் சாப்பிட்ட அந்த ஒரு வேளைச் சோற்றை இவன் வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பான்.

"முன்ன" என்றாள் ஜோதி. "பாங்கு சொல்றதுக்கு முன்னாலியே பூட்டாரு."

கன்னியப்பன் தலையை ஆட்டினார். ஆனால் அத்தை விடுவாளா?

"இன்னாடி சொல்ற? முன்னாலியே போனவருக்குக் கரெண்ட் வந்தப்பறம்தான் கத்தினியா? அவ்ளோ நேரம் பொணத்த வச்சினு இன்னா பண்ணினு இருந்த?"

"விசிறினு இருந்தேன்."

"யாருக்கு?"

"நைனாவுக்கு."

வாசலில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். அத்தை மூக்கின் மேல் விரலை வைத்தாள். "கேட்டிங்களா இந்த அநியாயத்த! மூச்சு நின்னது தெரியாமலா ஒருத்தி விசிறுவா? ஒண்ணு இவ பொய் சொல்றா, இல்ல இவ மனுஷியே இல்ல. ஊட்ட பூட்டிட்டா எங்க போறதுன்னு பயந்துனு சொல்றா வள்ளுவரே. நாளைக்கி அந்தப் பச்ச மண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா இவளா பதில் சொல்லுவா?"

மோகனாவின் முகம் வெளுத்துவிட்டது. தொட்டில் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கன்னியப்பன் பஞ்சாங்கத்தை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் வைத்திருந்தார். சம்மட்டிக்காரன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சம்மட்டியை மாற்றினான்.

"பொண்ணு சொல்றது வாஸ்தவம்தான்."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அஹமது பாஷா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றார். நேற்றிலிருந்து அந்த நாற்காலியை விட்டு அவர் தொழுகைக்கு மட்டும்தான் எழுந்து போயிருந்தார்.

"நேத்து தொழுதுட்டு வரசொல்ல ஜன்னலாண்ட நின்னு கூப்ட்டேன். பச்சன்னு ரெண்டு வாட்டி கூப்ட்டேன். சத்தம் இல்ல. தூங்கறான்னு நெனச்சி போய்ட்டேன்." ஐஸ் பெட்டியைப் பார்த்தார். "அப்பவே அவன் இல்ல போலக்குது."

"சத்தியமா சொல்றிங்களா பாய்?" என்றாள் அத்தை.

"தொழுவற வாயிம்மா இது" என்றார் பாஷா.

பாஷா மறுபடி உட்காரும்போது ஜோதியை ஒரே ஒரு தடவை பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போதுதானா. அப்படியென்றால் பாங்கு முடிந்து, தொழுகையும் முடிந்து, அப்புறமும் நைனா உயிரோடு இருந்தார். "கீறேன் பாஷா" என்றார். அப்புறம்தான் மகனைக் கேட்டார். ஜோதி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அப்போது வசந்த் அழுதான். நேற்றிலிருந்து ஒரு சொட்டு விடாதவன், கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்து, ஊரே கேட்கும்படி அழுதான். அது அப்பா போனதுக்கு அழுத அழுகை மட்டும் இல்லை. முதுகில் வைத்த பாறாங்கல்லை யாரோ தூக்கிவிட்டது மாதிரியான அழுகை. "நான் வந்திருந்தாலும் பாத்திருக்க மாட்டேன், இல்ல? பாத்திருக்க மாட்டேன் இல்லக்கா?" என்று அழுகைக்கு நடுவே கேட்டான்.

"பாத்திருக்க மாட்டடா" என்றாள் ஜோதி.

கன்னியப்பன் பஞ்சாங்கத்தை மூடினார். "திருவோணம். நல்ல சாவு. வாசல் வழியா எடுக்கலாம். ஆவட்டும், தண்ணி கொண்டாங்க."

அதுவரை எறும்பு போல் ஊர்ந்த பொழுது அப்புறம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டது. குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். மேளம் அடித்தார்கள். ஜோதி கடைசியாக ஒரு தடவை அவர் கையைத் தொட்டாள். ஐஸ் பெட்டியின் குளிர் விரல் நுனிவரை ஏறியது. இந்தச் சூட்டில் அவருக்கு இப்போதாவது வேர்க்காமல் இருக்கிறதே என்று தோன்றி, இது என்ன கோணல் புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பாடை வாசலைத் தாண்டியது. சம்மட்டிக்காரன் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்விட்டான்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். அத்தை ஜோதியைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். குழாயடியில் நின்றவர்கள் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். "செத்தது தெரியாம விசிறினு இருந்தாளாமே" என்பது அவள் காதிலும் விழுந்தது. இனி அந்தத் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். விழட்டும் என்று விட்டுவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. வழக்கம்போல் கையை நீட்டினாள்.

"அண்ணி." மோகனா குறுக்கே வந்து நின்றாள். கோபம் இல்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். "கோச்சிக்காதிங்க அண்ணி. கொஞ்ச நாளு போவட்டும். பாப்பாவ நானே பாத்துக்கறேன்."

ஜோதி கையை இழுத்துக்கொண்டாள். "சரிம்மா" என்றாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, கழுவிவிட்ட ஈரத் தரையில் சுவரோரமாகச் சுருண்டு படுத்தாள். மூட்டுகள் தனித்தனியாக அழுதன.

யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தால் வசந்த். மொட்டையடித்த தலை, ஈர வேட்டி. இப்போதுதானே போனான், அதற்குள் எப்படி வந்தான் என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. ஜுரம் விட்டிருக்க வேண்டும். நெற்றி நனைந்திருந்தது.

"அக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் ஒரு தெளிச்சி. நேற்றிலிருந்து இருந்த அந்த அலைச்சல் கண்ணில் இல்லை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதுக்கா."

"உம்."

"கடைசியா எதனா கேட்டாரா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நாக்கு நுனி வரை வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு, இப்போது சொல்லாவிட்டால் சாகும்வரை சொல்ல முடியாது என்று தெரிந்தது. அவனுடைய சொத்து அது. அதை வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை கிடையாது.

"பாப்பாவ கேட்டாரு" என்றாள். "பாப்பா வந்துட்டாளான்னு கேட்டாரு."

"பாப்பாவயா?" வசந்தின் முகம் கோணியது. சிரித்தான், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாப்பாவ கேட்டாராமே மோகனா!" என்று எழுந்து போய், அவள் வேண்டாம் தூங்குது என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கினான்.

குழந்தை கண்ணை விழித்துப் பார்த்தது. மொட்டைத் தலையும் வீங்கிய முகமுமாக யாரோ ஒரு ஆள். ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழத் தொடங்கியது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தோளில் போட்டான், முதுகைத் தட்டினான், வீட்டுக்குள் மேலும் கீழுமாக நடந்தான். நடந்தபடியே அதன் காதில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அழாதம்மா. நான்தான். வந்துட்டேன் பாரு. வந்துட்டேன், வந்துட்டேன்."

ஜோதி எழுந்து சமையல்கட்டுக்குள் போனாள். அடுப்பைப் பற்ற வைத்து, உலைக்குத் தண்ணீர் வைத்தாள்.